பினாங்கு, ஐந்து நாள், ஓர் ஆனைப்புளி

அக்டோபர் 11, சனி: மறந்த குடை

பினாங்குக்கு நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. சின்னம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வயது 78, பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். அதனால் கிள்ளானிலிருந்து நானும் தங்கையும் போய் ஐந்து நாள் துணைக்கு இருப்பதாக ஏற்பாடு. நான் கேமராவை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போறவளுக்கு எதுக்கு கேமரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். காரணம் இருந்தது. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். தண்டிலேயே பூக்கிற மரத்துக்கு எடுத்துக்காட்டாக நாகலிங்க மரத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஆனால் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. ஒரு முறை தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போனபோது அது பூட்டிய கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. பினாங்கு தாவரவியல் பூங்காவில் அந்த மரம் நிற்கிறது. சின்னம்மாவின் கண் ஒரு பக்கம், என் மரம் ஒரு பக்கம்.

ரயில் சரியான நேரத்துக்குத் தீவின் எதிர்க்கரையான பட்டர்வொர்த் சேர்ந்தது. நாங்கள்தான் குடையை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். இரண்டு குடையையும். படகுத்துறைக்கு நடக்கும்போதே வானம் பொத்துக்கொண்டது.

முன்பெல்லாம் காரோடு ஏறிப் போகிற பெரிய படகு. 2023-இலிருந்து புதுப் படகுகள். ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் போகிறது. நனைந்த கோழிபோல உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஒரு சீன ஆன்ட்டி ஒன்றும் பேசாமல் பையைத் துழாவி, சிவப்புப் பிளாஸ்டிக் பை இரண்டை எடுத்து நீட்டினார். தலையில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கையால் காட்டினார். கரை இறங்கியதும் அதை மாட்டிக்கொண்டுதான் கிரேப் வாடகைக் காருக்கு ஓடினோம். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், கேட்கவில்லை.

சின்னம்மா வீடு ஜெலுத்தோங்கில். ஜெலுத்தோங் என்பதே ஒரு மரத்தின் பெயர்தான். அதன் பாலிலிருந்து ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். இந்தத் தீவே அப்படித்தான். பினாங் என்றால் பாக்கு. பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கிய முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா நம்முடைய புன்னை. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாக்குத் தீவுல இருந்துகிட்டு பாக்கு போடக்கூடாதுங்கிறான் டாக்டர். அதைக் கேளு மொதல்ல" என்றார் சின்னம்மா.

ஆபரேஷன் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "திங்கக்கெழமை வேலை" என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு: நாகலிங்கம்

காலை ஏழரைக்குப் பூங்கா. ராத்திரி பெய்த மழையில் தார்ச்சாலை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக்கே நம் ஆட்கள் வைத்த பெயர் தண்ணீர்மலை. மேலே அருவி இருப்பதால் வெள்ளைக்காரனும் வாட்டர்ஃபால் கார்டன்ஸ் என்றுதான் சொன்னான். சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் 1884-இல் இதை உருவாக்கத் தொடங்கியபோது இது கருங்கல் உடைத்துக் கைவிட்ட பள்ளம். இன்று மூன்று பக்கமும் காடு, நடுவில் புல்வெளி. நுழையக் காசு கிடையாது. அதனால்தானோ என்னவோ ஞாயிற்றுக்கிழமை பாதி பினாங்கு அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாகலிங்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசம்தான் முதலில் வந்தது. ரோஜாவும் இல்லை, மல்லிகையும் இல்லை. கொஞ்சம் பழம், கொஞ்சம் சந்தனம். மரம் முழுக்கக் கயிறு சுற்றியதுபோல அடிமரத்திலிருந்தே காம்புகள் கிளம்பித் தொங்குகின்றன. பூ அதில்தான். சதைப்பிடிப்பான இதழ்கள், வெளியே மஞ்சள் கலந்து உள்ளே செம்மை. நடுவில் ஒரு சின்ன மேடு, அதன்மேல் மகரந்தத் தாள்கள் கூடிப் படம் எடுத்த பாம்புபோல வளைந்து கவிந்திருக்கின்றன. கரும்பலகையில் நான் அந்த வளைவைத் தப்பாகத்தான் வரைந்திருக்கிறேன். முப்பது வருஷத்துப் பிள்ளைகள் மன்னிக்கட்டும்.

காய்கள் பீரங்கிக் குண்டு அளவு. விழுந்து உடைந்த ஒன்றின் பக்கத்தில் தங்கை குனிந்தாள், குனிந்த வேகத்தில் நிமிர்ந்தாள். பூவுக்கு அப்படி ஒரு வாசனை, காய்க்கு இப்படி ஒரு நாற்றம்.

மரத்தடியில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு உதிர்ந்த பூக்களை மட்டும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்கா என்று கேட்டேன். "வீட்டு சாமிக்குத்தான்மா. மரத்துல இருக்கறதைத் தொட மாட்டேன், உதிர்ந்ததுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தியாவுலேருந்து கொண்டாந்த மரம், தெரியுமா?" என்றார். தென்னமெரிக்காவின் கயானா பக்கத்து மரம் அது, நம் கோயிலுக்கே கப்பலேறி வந்ததுதான். வாய்வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பூஜைப் பூவைப் பொறுக்கும்போது பாடம் நடத்தக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவரே நல்லதாகப் பார்த்து ஒரு பூவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, இன்னொரு சுற்று நடக்கப் போய்விட்டார்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் பார்த்தேன், முப்பது படம் எடுத்தேன், மனசு நிறையவில்லை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் படித்து வைத்ததை எல்லாம் மரத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, மரத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள்தான் அது புரிந்தது.

நான் இப்படி நின்றுகொண்டிருந்த நேரத்தில் தங்கையிடமிருந்து அப்பம் களவு போனது. வரும் வழியில் தள்ளுவண்டியில் சுடச்சுட வாங்கிய ஆறு அப்பம், பிளாஸ்டிக் பையோடு. குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை இருக்கிறது. நாங்கள் போடவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது. நீளவால் குரங்கு ஒன்று பின்னாலிருந்து வந்து பையைப் பிடுங்கி, எங்கள் கண்ணெதிரே வேலியில் உட்கார்ந்து, ஓரத்து மொறுமொறுப்பைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு நடுவில் இருக்கிற மெத்தையை மட்டும் தின்றது. சின்னம்மாவும் அப்படித்தான் சாப்பிடுவார் என்றாள் தங்கை. இன்னும் உயரத்தில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குக் கூட்டம் ஒன்று இலையை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார்கள் மாதிரி இருந்தன. அவை யாரிடமும் எதையும் பிடுங்குவதில்லை.

வெளியே ஜாதிக்காய்த் தண்ணீர், ஒரு கிளாஸ் 3 வெள்ளி (ரிங்கிட்). புளிப்பு, துவர்ப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு காரம். பிறகு முருகன் கோயில். 513 படி. தங்கை ஏறி முடித்தாள். நான் இருநூறு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணுவதற்கும் மூச்சு இல்லை, ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். நம்பத்தான் வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்: முச்சந்தியில் நின்ற யானை

மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. காலை எட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் கால் மணி நேரம், அதற்கு முன்னால் கண் பாப்பா விரிய மருந்து விட்டு மருந்து விட்டுக் காத்திருப்பது மூன்று மணி நேரம். கூட ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். சின்னம்மா தங்கையைத் தேர்ந்தெடுத்தார். "இவ இருந்தா கண்ணுக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நீ வா."

சரி என்று தேநீர் தேடிக் கிளம்பினேன். வெயில் ஏறிவிட்டது. தே ஆலியா என்கிற இஞ்சித் தேநீர் ஒன்று குடித்து, ரொட்டி சானாய் ஒன்று சாப்பிட்டு, நாலு வெள்ளியில் பசியாறலை முடித்துக்கொண்டு, நிழல் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ரெசிடென்சி சாலை வந்து சேருகிற முச்சந்தியில்தான் அதைப் பார்த்தேன்.

முதலில் மரம் என்று தோன்றவில்லை. சாலை நடுவில் யாரோ ஒரு பெரிய சாம்பல் நிற மண் குதிரைக்குச் சிமெண்டு பூசிப் பாதியில் விட்டதுபோல இருந்தது. பிறகு மேலே பார்த்தேன், இலை இருக்கிறது. சாலையைக் கடக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று, மூன்று பக்கமும் வண்டி. கிட்டே போய்க் கையை வைத்தேன். பட்டை சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்த கைக்கு ஏமாற்றம். வழவழப்பு, அங்கங்கே மடிப்பு, முழங்கால் மடங்குகிற இடத்தில் யானைக்கு இருக்குமே அந்த மடிப்பு. கீழே உதிர்ந்து கிடந்த இலையை எடுத்தேன். ஒரு காம்பு, விரித்த கைவிரல்போல ஐந்து சிற்றிலை.

பெருக்க மரம்! ஆனைப்புளி, பொந்தன்புளி என்றும் சொல்வார்கள். இலங்கையில் மன்னாரில் இருக்கிறது, அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணில் பஞ்சுபோன்ற அடிமரத்துக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு கோடையைக் கடக்கிற மரம், மழைக்குக் குறைவில்லாத இந்தத் தீவில், போக்குவரத்து விளக்குகளுக்கு நடுவில் என்ன செய்கிறது? குடிக்கப் பஞ்சமில்லாத ஊரில் குடம் சுமந்து நிற்கிறது.

அடியில், வேர் மேடிட்டு எழுகிற இடத்தில் ஒரு பெரியவர் மோட்டாரை நிறுத்தி, அட்டையை விரித்து, பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மொத தடவையாம்மா?" என்று கேட்டார். திருப்பதியில் கேட்பதுபோல. ஆமாம் என்றேன். "சுத்திப் பாருங்க. அந்தப் பக்கம் வேற மாதிரி இருக்கும்."

வேறு மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கம் யானைக்கால். இன்னொரு பக்கம் மெழுகுவர்த்தி உருகி வழிந்து நின்றதுபோல. பழைய காயம் ஒன்று ஆறி, உதடுபோலச் சுருண்டு மூடியிருந்தது. பட்டையை உரித்தால் மறுபடி வளர்த்துக்கொள்கிற மரம் இது. நாகலிங்கத்திடம் கேட்பதற்கு என்னிடம் கேள்வி இருந்தது. இதனிடம் ஒன்றும் இல்லை. கேமரா பையிலேயே இருந்தது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது நினைவுக்கு வந்தது.

பெரியவர் பிளாஸ்க் மூடியில் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். இங்கே பக்கத்தில் அவர் மனைவிக்கு ரத்தச் சுத்திகரிப்பு. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். "உள்ள ஏர்கோன் நமக்கு ஒத்துக்காது. இங்க வந்து குந்திக்குவேன். மூணு வருஷமாச்சு." மாநகராட்சியில் புல் வெட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். "நாங்கள்லாம் ஆனைக்கால்னுதான் சொல்றது. துரை ஒருத்தர் வெச்சது. கேப்டன் ஸ்பீடி. ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தொண்ணு."

பெயர் பொறி தட்டியது. ராத்திரி சின்னம்மா வீட்டில் தேடிப் படித்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரிஸ்ட்ரம் ஸ்பீடி மீரட்டில் பிறந்த வெள்ளைக்காரர், ஆறரை அடி உயரம், செந்தாடி, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி பேசுவார். 1868-இல் ஆங்கிலேயப் படை எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையை உடைத்தது. பேரரசர் தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஏழு வயது மகன் அலெமாயெகுவைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் வழியிலேயே இறந்துவிட, பையன் ஒட்டிக்கொண்டது ஸ்பீடியிடம்தான். ஸ்பீடிக்கு இந்தியாவில் வேலை கிடைத்தபோது அங்கே கூட வந்தான். 1871-இல் பினாங்குக்குக் காவல்துறைத் தலைவராக மாற்றியபோது இங்கேயும் வந்தான். அந்த வருஷம்தான் இந்த மரம் நடப்பட்டது என்கிறார்கள். பிறகு, இளவரசன் போலீஸ்காரரோடு ஊர் ஊராக அலையக்கூடாது, பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று லண்டன் அரசாங்கம் முடிவு செய்து, பத்து வயதில் அவரிடமிருந்து பிரித்து இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய்விட்டது. 1879-இல் நுரையீரல் நோயில் இறந்தான். பதினெட்டு வயது. புதைத்தது விண்ட்சர் கோட்டையில். எலும்பையாவது கொடுங்கள் என்று எத்தியோப்பியா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஸ்பீடி அடுத்து பேராக்கில் நடந்த லாரூட் சண்டைக்கு இந்தியாவிலிருந்து சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு வந்து, தைப்பிங்கில் அதிகாரியாக உட்கார்ந்தார். நம் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும்தான் வரும். அந்தப் பையன் வரமாட்டான். ஆறரை அடி ஆள் குழி தோண்ட, தன் கண்டத்து மரத்தின் கன்றுக்கு ஒரு பத்து வயதுப் பையன் தண்ணீர் ஊற்றியதாக நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. நினைப்புக்கு வரி கிடையாதே.

154 வயது என்பது நமக்குத்தான் பெரிது. ஆப்பிரிக்காவில் இந்த இனம் ஆயிரம் வருஷத்தைச் சாதாரணமாகத் தாண்டும், இரண்டாயிரத்தைத் தாண்டியதும் உண்டு. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, அங்கே மிகப் பழைய 13 மரங்களில் 9, சில முழுசாகவும் சில பகுதியாகவும், பன்னிரண்டே வருஷத்துக்குள் செத்துச் சாய்ந்ததாகச் சொன்னது. அந்தக் கணக்கில் நம்முடையது பாலர் பள்ளிப் பிள்ளை.

தங்கை போன் செய்தாள். "எங்க போய்த் தொலைஞ்ச? முடிஞ்சிருச்சு, உன்னைத்தான் கேக்குறாங்க." பெரியவரிடம் மூடியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். சின்னம்மா கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே வலிக்கலை. இதுக்குப் போயி மூணு வருஷம் தள்ளிப் போட்டேன் பாரு."

அக்டோபர் 14, செவ்வாய்: புதுச்சேலை

காலையில் மூடியை எடுத்தார்கள். சின்னம்மாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். முந்தாநாள் பார்த்த அந்தக் கருங்குரங்கை நினைத்து நானும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். வெளியே வந்து வானத்தைப் பார்த்த சின்னம்மா, "என்னடி இது, இவ்வளவு நீலமா அடிச்சு வெச்சிருக்கான்" என்றார். புரை எடுத்த கண்ணுக்கு நீலம் அப்படித்தான் தெரியும். பழுத்த லென்ஸ் மஞ்சளாக வடிகட்டிக்கொண்டிருந்தது போய்விட்டதல்லவா என்று சொல்ல ஆரம்பித்தேன். தங்கை முறைத்தாள்.

வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். சின்னம்மா கேட்பதாக இல்லை. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள், லிட்டில் இந்தியாவை ஒரு கண்ணாலாவது பார்க்க வேண்டுமாம். கூட்டத்துக்குள் விட மாட்டோம், காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப் போனோம். கண்ணாடி வழியாகவே ஒரு கடையின் பொம்மை கட்டியிருந்த சேலையைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். மயில்கழுத்து நிறம், 180 வெள்ளி சொன்னான், 140-க்கு முடித்தாள் தங்கை. முறுக்குக்காரரிடம் ருசி பார்க்கவென்று எடுத்ததே ஒரு கைப்பிடி. பிறகு வாங்காமல் வர வெட்கமாகி இரண்டு டப்பா வாங்கினோம்.

திரும்பும்போது நான் ஓட்டுநரிடம் மெக்கலிஸ்டர் வழியாகப் போகச் சொன்னேன். மழைக்கு முன்னாலான இருட்டு. மரத்தைக் காட்டி, "சின்னம்மா, அங்க பாருங்க. அது என்னன்னு தெரியுமா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"ஏன், ஆஸ்பத்திரி மரம். இறக்கி விடு."

சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். சின்னம்மா மரத்தைத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவதுபோல. "பெரியவன் பொறக்கறப்போ உங்க சித்தப்பா ராத்திரி பூரா இங்கதான் கெடந்தாரு. பெரியாஸ்பத்திரில ஆம்பளைங்கள உள்ள விட மாட்டாங்க அப்ப. காலையில ஆம்பளப் புள்ளன்னு சொல்ல ஆள் வந்தா, மனுஷன் வேர்ல தலைய வெச்சுக் கொறட்டை. மோந்து பாத்தா ஒரே கொசுவத்தி வாசம்." எந்த வருஷம் என்று கேட்டேன். "எழுவத்தொண்ணு." மரத்துக்கு அப்போது சரியாக நூறு.

ஐம்பது வருஷமாகச் சின்னம்மா வீட்டுக்கு வந்து போகிறேன். நாகலிங்கத்தைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பேன். இந்த மரத்தைப் பற்றி ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எங்க கேட்ட? நீதான் சொல்லிக்கிட்டே இருப்ப."

தங்கை இருமுவதுபோலச் சிரித்தாள்.

அடுத்து நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அடிமரத்தின் சுற்றளவை அளக்க ஆசை. நாடா இல்லை. சேலை என்றால் ஐந்தரை மீட்டர், ஒரு சுற்றுக்கு எவ்வளவு குறைகிறது அல்லது மிஞ்சுகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். பையிலிருந்து புதுச்சேலையை எடுத்தேன். "புதுச்சேலைய மரத்துக்குக் கட்டப் போறியா?" என்று தங்கை அலறினாள். சின்னம்மா மட்டும் ஆர்வமாக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையோடு மரத்தைச் சுற்றக் கிளம்பினேன். பாதி சுற்றில், மோட்டாரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஓரம் கட்டித் தலைக்கவசத்தைக் கழற்றினார். "என்ன சாமிக்கா? வேண்டுதலா?" எங்களுக்கு வாய் வரவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு சின்னம்மா சேலை முனையைப் பிடித்து நின்ற கோலத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து வேரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஒரு லோரிக்காரர் வேகத்தைக் குறைத்துக் கும்பிட்டார்.

"கோயிலே கட்டிருவாங்கடி, சேலைய சுத்து" என்றார் சின்னம்மா.

சுற்றுவதற்குள் மழை வந்துவிட்டது. குடை ரயிலில் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருந்தார். 140 வெள்ளிச் சேலையை நாலாக மடித்துச் சின்னம்மா தலைக்குமேல் பிடித்தோம். பதினைந்து நிமிஷம் கிரேப் கிடைக்கவில்லை. மரம் நல்ல மரம்தான், ஆனால் மழைக்கு ஒதுங்க லாயக்கில்லை. இலை அத்தனை அடர்த்தி கிடையாது.

சின்னம்மா கண்ணில் ஒரு சொட்டு படவில்லை. சேலையில் சாயம் போய்விட்டது. சுற்றளவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்டோபர் 15, புதன்: புறப்பாடு

மதியம் ரயில். காலையில் சின்னம்மா எங்களுக்கு முன்னால் எழுந்து அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு அழுக்கு. ஒருத்தியாவது வாயத் தொறந்தீங்களா?" குனியக்கூடாது, எண்ணெய் தெறிக்கக்கூடாது என்று துணியைப் பிடுங்கி உட்கார வைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?" புரை எடுத்ததில் இப்படி ஒரு பக்கமும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. படகுத்துறைவரை வருவேன் என்று அடம்பிடித்தார் சின்னம்மா. மெக்கலிஸ்டர் சாலை வழி இல்லை, சுற்று. ஆனாலும் அப்படித்தான் போக வேண்டும் என்றார். ஓட்டுநர் மலாய்ப் பையன், சிரித்துக்கொண்டே, ஐந்து நிமிஷம்தான் ஆன்ட்டி என்று நிறுத்தினான்.

புதன்கிழமை. பெரியவர் இருந்தார், அதே அட்டை, அதே பிளாஸ்க். நேற்று வைத்த மல்லிகை வேரில் வாடிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ இரண்டு வாழைப்பழமும் ஒரு ஊதுவத்தியும் வைத்திருந்தார்கள். "நேத்து இங்க ஏதோ பூசை நடந்திருக்குங்க. கண்ணாடி போட்ட ஒரு அம்மா சாமி வந்து ஆடுச்சாம்" என்று எங்களிடமே சொன்னார். தங்கை திரும்பிக்கொண்டாள். சின்னம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அப்படியா என்று மட்டும் கேட்டார்.

பிறகு சித்தப்பா இங்கே தூங்கிய கதையை ஆரம்பித்தார். பெரியவர் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் கிளை ஒன்று ஆஸ்பத்திரிப் பக்கம் தாழ்ந்திருக்கும், அதன் கீழேயா என்றார். இல்லை, இந்தப் பக்கம் என்றார் சின்னம்மா. அந்தப் பக்கம்தான் வேர் மேடாக இருக்கும், தலை வைக்க வாகு என்றார் அவர். "என் வீட்டுக்காரர் எங்க தூங்கினார்னு எனக்குத் தெரியாதா?" "நான் இருவது வருஷம் இங்க புல் வெட்டினவன்மா." இருவரும் மரத்தைச் சுற்றி நடந்து இடத்தைக் காட்டிக்கொண்டே மறுபக்கம் போய்விட்டார்கள். அடிமரத்துக்குப் பின்னால் இருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பையன் மணியைப் பார்த்தான். நான் கேமராவை எடுத்தேன், ஆள் தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது.

பதினொன்றரைப் படகு போய்விட்டது.